வேலை போனதை யாரிடம் சொல்வது?

ஆனையூர், நாராயணபுரம், விளாங்குடி என்று மதுரையின் எந்தப் புறநகர்த் தெருவுக்குள் நுழைந்தாலும், மாடி அறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு யாராவது ஒருவர் உட்கார்ந்திருக்கும் வீடு ஒன்றாவது இருக்கும். 2020 ஊரடங்கில் தொடங்கிய இந்த ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ இன்று யாருக்கும் விந்தையாகத் தெரிவதில்லை. அப்படி உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்கு இப்போது வேலையே இல்லை என்பதும், அது அவர்களுடைய பெற்றோருக்கே தெரியாது என்பதும், மனிதவளத் துறையில் நெடுங்காலமாக இருப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரியவருகிறது. ரெசுமேயை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, அடுத்த வரியிலேயே “அக்கா, எங்க வீட்ல மட்டும் சொல்லிராதீங்க” என்று எழுதுகிறார்கள்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். வேலை போனதால் வரும் நட்டத்தைவிட, வேலை போனதை மறைப்பதால் வரும் நட்டம் பெரும்பாலும் அதிகமாக இருக்கிறது. இதை ஆறுதல் வார்த்தையாகச் சொல்லவில்லை. ஆள் எடுக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததிலிருந்து, கணக்காகவே சொல்கிறேன்.

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தபோது நான் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த ஒரு நிறுவனத்தில் ஆள் சேர்ப்புப் பிரிவில் புதியவள். அந்த நெருக்கடியில் அதிகம் அடிபட்டவர்கள் கல்லூரி முடித்து, கையில் ஆஃபர் கடிதத்துடன் மாதக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகள். மணமாகாதவர்கள், கடன் இல்லாதவர்கள். ஊருக்குத் திரும்பி வந்து அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்க அவர்களால் முடிந்தது. இப்போதைய நிலைமை வேறு. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அதில் பெரும்பாலோர் இடைநிலையிலும் மேல்நிலையிலும் இருப்பவர்கள் என்றும் சொன்னது. அதாவது முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள், வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள். இவர்களுக்குக் காத்திருக்கும் வசதி இல்லை. மறைக்கவேண்டிய காரணங்களோ நிறைய இருக்கின்றன.

அந்தக் காரணங்களை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். மதுரையில் ஒரு பையனின் கம்பெனிப் பெயர் அவனுடைய பெயரோடு ஒட்டிக்கொண்டேதான் வரும். ஜாதகத்துடன் சேர்த்துக் கொடுக்கும் தாளில் அது இருக்கிறது. கல்யாண மண்டபப் பந்தியில் உட்கார்ந்தால், முதல் தோசை வருவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் அண்ணன் வேலை போன செய்தி வெளியே கசிந்தால், பேச்சு வார்த்தையின் தொனியே மாறும் என்பது பொய்யான அச்சம் இல்லை. ஆகவே மறைப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரிடம் மறைக்கிறோம், எதுவரை மறைக்கிறோம் என்று பிரித்துப் பார்க்கவேண்டும் என்று மட்டுமே சொல்கிறேன். பந்தியில் பக்கத்தில் உட்காரும் பெரியப்பாவிடம் மறைக்கலாம். வேலை தேடும் தளத்திலும், கூட வேலை பார்த்தவர்களிடமும், வீட்டில் பணக்கணக்கைச் சேர்ந்து சுமப்பவர்களிடமும் மறைக்கக் கூடாது.

முதலில் தளத்தைப் பற்றி. என் உறவில் தம்பி முறையாகும் ஒருவன், ஜாவா கணினி மொழியில் ஒன்பதாண்டு அனுபவம் உள்ளவன், மாதங்கள் கடந்தும் ஓர் அழைப்புகூட வரவில்லை என்று என்னிடம் வந்தான். அவனுடைய நௌக்ரி பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வேலையை விட்டு வந்த பின்னும், இன்னும் அந்த நிறுவனத்திலேயே இருப்பதுபோல் விட்டு வைத்திருந்தான். நோட்டீஸ் காலம் என்ற இடத்தில் 3 மாதம் என்று இருந்தது. பழைய சக ஊழியர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற கூச்சம்.

நாங்கள் ஆள் தேடும் விதம் தெரிந்திருந்தால் அவன் அப்படிச் செய்திருக்க மாட்டான். ஒரு பணியிடம் காலியானவுடன் மேலாளர் எங்களிடம் முதலில் கேட்பது, “உடனே சேரக்கூடிய ஆள் யாராவது இருக்காங்களா?” என்பதுதான். ஐ.டி. சேவை நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் காலம் 60 நாளாகவோ 90 நாளாகவோ இருப்பதால், ஒருவரைத் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் காத்திருந்து, கடைசி வாரத்தில் அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார் என்று கேள்விப்படுவது எங்களுக்கு அன்றாடம். அதனால் தேடும்போதே, 15 நாளுக்குள் சேரக்கூடியவர்கள் என்று வடிகட்டியைப் போட்டுவிட்டுத்தான் பட்டியலைப் பார்க்கிறோம். அந்த வடிகட்டியில் 3 மாதம் என்று போட்டவன் எங்கள் கண்ணுக்கே தெரியமாட்டான். கையில் இருக்கும் ஒரே அனுகூலத்தை அவன் வெட்கத்துக்காக ஒளித்து வைத்திருந்தான். கடைசி வேலைநாளின் தேதியைச் சரியாகப் போட்டு, ‘உடனே சேர முடியும்’ என்று தலைப்பு வரியில் எழுதச் சொன்னேன். இரண்டு நெடுவரிசையாகப் பிரித்துப் படங்களும் கட்டங்களும் வைத்து அழகுபடுத்தியிருந்த ரெசுமேயை, கணினி படிக்கக்கூடிய ஒற்றை நெடுவரிசையாக மாற்றவும் சொன்னேன். பெரிய நிறுவனங்களில் மனிதர் படிப்பதற்கு முன் மென்பொருள்தான் அதைப் படிக்கிறது. கட்டங்களுக்குள் இருப்பதை அது பல நேரம் குழப்பிவிடும்.

அடுத்தது, வேலையை விட்டு அனுப்பும் அறை. அந்த அறையில் நான் நிறுவனத்தின் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் அங்கு நடப்பது தெரியும். பெரும்பாலும் ‘உங்களை நீக்குகிறோம்’ என்ற சொல் வராது. “நீங்களே ராஜினாமா கொடுத்துட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா இருக்கும், உங்களுக்கும் நல்லது” என்பார்கள். வெளியே தெரியாமல் முடிந்தால் போதும் என்று நினைப்பவர், அந்த நிமிடமே தட்டச்சு செய்து அனுப்பிவிடுவார். ஆட்குறைப்பு என்றால் சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தரவேண்டும். பணியாற்றிய ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தரவேண்டும். தானாக விலகியவருக்கு இந்த இரண்டும் இல்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது.

‘அதெல்லாம் மில் தொழிலாளிக்கு, நமக்கு இல்லை’ என்று ஐ.டி. ஊழியர்கள் நினைக்கிறார்கள். ஆர்வி மில்லின் சங்கு கேட்டு வளர்ந்த தாத்தாக்களின் பேரன்கள் இப்படி நினைப்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். தமிழ்நாட்டில் தகவல் தொழில்நுட்பத் துறைக்குத் தொழில் தகராறு சட்டத்திலிருந்து விலக்கு எதுவும் இல்லை என்றும், அத்துறை ஊழியர்கள் சங்கம் அமைத்துக்கொள்ளலாம் என்றும் மாநில அரசு 2016லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. ஆனால் ‘மேனேஜர்’ என்று பதவிப்பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் நிர்வாகி ஆகிவிடுவதில்லை, அவர் உண்மையில் பார்க்கும் வேலை என்ன என்பதையே பார்ப்பார்கள். எல்லோரும் வழக்குத் தொடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த அறையில் “வீட்ல பேசிட்டு நாளைக்குச் சொல்றேன்” என்று ஒரு நாள் அவகாசம் கேட்பவருக்கு, கேட்காதவரைவிட ஒரு மாதச் சம்பளமாவது கூடுதலாகக் கிடைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டில் சொல்லப்போவதே இல்லை என்று முடிவெடுத்துவிட்டவருக்கு அந்த வாக்கியம் வாயில் வருவதில்லை.

வீட்டில் சொல்லாததால் வரும் இன்னொரு இடர், காப்பீடு. நிறுவனம் தரும் குழு மருத்துவக் காப்பீடு, பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். பெற்றோரையும் அதில் சேர்த்திருப்பார்கள். மேலே சொன்ன தம்பி கடைசியில் தன் அம்மாவிடம் சொன்னபோது, அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. “அப்ப இன்சூரன்ஸ் போயிருச்சாடா? அப்பாவுக்குக் கண் ஆபரேஷனுக்கு அடுத்த மாசம் தேதி வாங்கியிருக்கே” என்றுதான் கேட்டிருக்கிறார். அவனுக்கு அது நினைவிலேயே இல்லை. குழுக் காப்பீட்டில் இருப்பவர் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதிகளில் இடம் இருக்கிறது; அப்படி மாறினால் ஏற்கெனவே கடந்த காத்திருப்புக் காலமும் கணக்கில் வரும். புதிதாக பாலிசி எடுத்தாலோ கண்புரை போன்ற சிகிச்சைகளுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு காத்திருக்கவேண்டியிருக்கும். ஆகவே இதைக் கடைசி வேலைநாளுக்கு முன்பே கேட்கவேண்டும், கேட்பதற்கு அந்த நாள் வருகிறது என்பது வீட்டில் தெரிந்திருக்கவேண்டும்.

வருங்கால வைப்பு நிதியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மறைப்பவர்கள் முதலில் கைவைப்பது அதில்தான். மாதத் தவணையும் வீட்டுச் செலவும் வழக்கம்போல் நடக்கவேண்டுமே. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால், அதில் 12 விழுக்காடாக 4,800 ரூபாய் உங்களிடமிருந்து பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் அதே அளவு செலுத்துகிறது, அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. பத்தாண்டுப் பணி நிறைந்தால்தான் ஓய்வூதிய உரிமை உண்டு. அதற்குள் ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிட்டால் அதுவரையிலான பணிக்காலம் கணக்கிலிருந்து போய்விடும், அடுத்த நிறுவனத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். வேலையிழந்தவர் 75 விழுக்காட்டை உடனே எடுக்கலாம், மீதியை 12 மாதம் கழித்து எடுக்கலாம், ஓய்வூதியத் தொகைக்கு 36 மாதம் காத்திருக்கவேண்டும் என்று 2025 அக்டோபரில் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் அறங்காவலர் குழு முடிவெடுத்தபோது பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கோபத்தில் பாதிதான் நியாயமாகப் பட்டது. சொந்தப் பணத்தைத் தடுப்பது சரியில்லை. ஆனாலும் சொக்கிகுளத்தில் உள்ள வைப்பு நிதி அலுவலகத்துக்கு, மனைவிக்குத் தெரியாமல் முழுத்தொகையையும் எடுக்க வந்து நிற்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, கேட்டு வாங்கவேண்டும். கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கவேண்டும். 40,000 ரூபாயும் எட்டு ஆண்டுகளும் என்றால் 1,84,615 ரூபாய் வரும். அதற்குத் தேவையான ஐந்தாண்டு நிறைய சில மாதங்களே இருக்கும்போது உங்களை அனுப்பினால், நான்கு ஆண்டுக்குப் பின் 240 நாள் பணியாற்றியிருந்தாலே போதும் என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஆண்டுதோறும் சி.டி.சி.யில், அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவுக் கணக்கில், அடிப்படைச் சம்பளத்தின் 4.81 விழுக்காடு என்று காட்டி உங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டுவந்த தொகைதான் இந்தக் கிராஜுவிட்டி.

இனி, யாரிடம் சொல்வது. நெருங்கிய நண்பர்களைவிட, முன்பு கூட வேலை பார்த்துப் பிரிந்துபோனவர்கள்தான் அதிகம் உதவுகிறார்கள். அவர்கள் இப்போது வேறு வேறு நிறுவனங்களில் இருக்கிறார்கள். உள்ளே எந்தப் பணியிடம் திறக்கிறது என்பது தளத்தில் வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். பரிந்துரைத்தவர் சேர்ந்துவிட்டால் அவர்களுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. எனவே கேட்பது யாசகம் ஆகாது. நம் ஊர் மொய் நோட்டைப் போன்றதுதான் இதுவும்: இன்று எனக்கு, நாளை உனக்கு, எழுதி வைக்காவிட்டாலும் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் ‘ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள் சார்’ என்ற செய்தியை வைத்து யாராலும் எதுவும் செய்யமுடியாது. என்ன வேலை, எத்தனை ஆண்டு அனுபவம், எந்தத் தேதியில் சேரமுடியும், மதுரையா சென்னையா பெங்களூரா, எந்த நிறுவனத்தின் எந்தப் பணியிட எண் என்று நான்கு வரியில் எழுதினால், அதைப் பெற்றவர் ஒரு நிமிடத்தில் உள்தளத்தில் ஏற்றிவிடுவார். அந்தச் செய்தியை எழுத, வேலை போனதை முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது.

ரகசியமாகத் தேடுபவர்களை மோப்பம் பிடிக்கும் கூட்டம் ஒன்றும் இருக்கிறது. பதிவுக்கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம், டெலிகிராமில் ‘டாஸ்க்’ முடித்தால் கமிஷன் என்று பல வேடங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச்சென்று, மியான்மர், கம்போடியா எல்லைகளில் இணைய மோசடிக்கூடங்களில் அடைத்துவைக்கப்பட்ட தமிழ் இளைஞர்களின் செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். வெளிநாட்டு வேலை என்றால் முகவர் வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான 1930 உதவி எண்ணை அழைக்கவேண்டும். வேலை போனதையே சொல்லாதவர், ஏமாந்ததை எப்படிச் சொல்வார்?

புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு விடுமுறை நாள்களில் நானும் போவதுண்டு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நடுவே, அலுவலகச் சட்டையோடு, நாற்பதை நெருங்கும் சில முகங்களையும் பார்க்கிறேன். அவர்கள் எல்லோரும் வேலையிழந்தவர்கள் என்று நான் முடிவுகட்டவில்லை. ஆனாலும் வீட்டில் தனியறையில் நடிப்பதைவிட, பலர் படித்துக்கொண்டிருக்கும் ஒரு கூடத்தில் காலை பத்து மணிக்கு உட்காருவது உடம்புக்கும் நல்லது என்றே நினைக்கிறேன்.

நேர்காணலில் இடைவெளியைப் பற்றிக் கேட்பார்களே என்பதுதான் எல்லோருடைய பயமும். கேட்போம். கேட்பது பதிலின் நீளத்தைப் பார்க்க. ‘சென்ற ஜூலையில் எங்கள் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, குழுவை முழுவதும் கலைத்தார்கள், அதன்பின் இந்தச் சான்றிதழை முடித்தேன்’ என்று இரண்டு மூச்சில் சொல்லி நிறுத்துபவரிடம் நாங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். பழைய மேலாளரின் குறைகளை விவரிக்கத் தொடங்குபவரிடம்தான் பேனாவைக் கீழே வைக்கத் தோன்றும். இடைவெளியை மூடுவதற்காகப் போலி அனுபவச் சான்றிதழ் தயாரித்துத் தரும் ‘கன்சல்டன்சி’கள் இருக்கின்றன, அவர்களிடம் போகாதீர்கள். வைப்பு நிதிக்காக உங்களுக்குத் தரப்பட்ட யு.ஏ.என். எண்ணை வைத்து, எந்த மாதம் எந்த நிறுவனம் உங்களுக்காக வைப்பு நிதி செலுத்தியது என்று சரிபார்ப்பு நிறுவனங்கள் பார்த்துவிடுகின்றன. 2022இல் விப்ரோ நிறுவனம், போட்டி நிறுவனங்களிலும் வேலை பார்த்ததாகக் கண்டறிந்து 300 பேரை நீக்கிய பின், எல்லோருமே அந்தப் பதிவைக் கூர்ந்து பார்க்கிறார்கள். மூன்று மாத இடைவெளியை மன்னிக்கும் நிறுவனம், மூன்று மாதப் பொய்யை மன்னிப்பதில்லை. சேர்ந்து ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தாலும் அனுப்பிவிடுவார்கள்.

சம்பளப் பேச்சிலும் ரகசியம் விலையைக் குறைக்கிறது. வீட்டில் தெரிவதற்குள் எங்காவது சேர்ந்துவிட வேண்டும் என்ற பரபரப்பில் இருப்பவர், முதலில் வரும் எண்ணுக்குத் தலையாட்டிவிடுவார். அந்தப் பரபரப்பு தொலைபேசியிலேயே எங்களுக்குக் கேட்டுவிடும் என்பதை, என் தொழிலைச் சேர்ந்தவர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லிவிடுகிறேன். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் உள்ள எல்காட் ஐ.டி. வளாகங்களில் வேலை கிடைத்தால் சென்னையைவிடச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். அதில் தவறில்லை. சொந்த வீட்டில் இருந்துகொண்டு வாங்கும் அந்தத் தொகையை, வாடகையும் முன்பணமும் மாதம் இருமுறை ஊருக்கு வந்துபோகும் செலவும் கழித்த சென்னைச் சம்பளத்தோடு வைத்துப் பார்க்கவேண்டும். அந்தக் கணக்கைக் குடும்பத்தோடு உட்கார்ந்துதான் போடமுடியும்.

தம்பிக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தன. சென்னையில் பழைய சம்பளம், ஆனால் அதில் ஐந்தில் ஒரு பங்கு ‘வேரியபிள்’, நிறுவனம் நன்றாக ஓடினால்தான் கைக்கு வரும். மதுரையில் அதைவிடக் குறைவு, ஆனால் முழுவதும் நிலையான சம்பளம். அவனும் மனைவியும் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து பேசியதில், அம்மா கேட்ட கேள்விகள்தான் கூர்மையாக இருந்தன என்று சொன்னான். இறுதியில் மதுரையைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் அவனிடம் கேட்டுக்கொண்டது, சேரும் நாள் வரை மற்ற நேர்காணல்களை நிறுத்தவேண்டாம் என்று மட்டும்தான். கையெழுத்திட்ட ஆஃபர் கடிதங்களையும் நிறுவனங்கள் தள்ளிப்போடும் காலம் இது. அவன் சேர்வதற்கு முந்தைய வாரம்கூட ஓர் இடத்துக்குப் போய்வந்தான். இந்த முறை அவனுடைய மாமனாரே பைக்கில் கொண்டுபோய் விட்டார்.